மயிலுக்குப் போர்வையும் மாட்டுக்குக் கல்லும்

அன்பு மாணவச் செல்வங்களுக்கும், தவறாமல் படித்துவிட்டு "அத்தை, கொஞ்சம் சுருக்கி எழுதக் கூடாதா" என்று கேட்கும் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம். இதுவும் நீளமான பதிவுதான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். 1996-ல் பத்தாம் வகுப்பு முடித்த செட்டுப் பிள்ளைகள் முப்பதாவது ஆண்டுச் சந்திப்புக்குப் பணம் சேர்த்தார்கள். செலவு போக ஒன்றேகால் லட்சம் மிச்சம். எனக்கு மோதிரம் போடுவதாகப் பேச்சு. இந்த வயதில் எனக்கு எதற்கு மோதிரம், வாயில்லா ஜீவன்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்றேன். அவ்வளவுதான், வாட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கிவிட்டது. ஒருவர் கோசாலை என்கிறார். ஒருவர் தெருநாய்க் காப்பகம் என்கிறார். "என் பையனை நாய் கடித்து ஐந்து ஊசி போட்டோம், நாய்க்கு ஒரு பைசா தரமாட்டேன்" என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள். லண்டனில் இருப்பவன் உலகப் பெயர் பெற்ற ஒரு அமைப்பைச் சொல்ல, "ஜல்லிக்கட்டை நிறுத்தப் பார்த்த கூட்டத்துக்கா நம்ம காசு?" என்று இன்னொருவன் பாய, இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். முப்பது வருடச் சிநேகிதம். "டீச்சர், நீங்க எந்த இடம் சொல்றீங்களோ அங்கே கொடுத்துடுறோம்" என்று கடைசியில் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான் சரித்திரப் பாடம் நடத்தியவள். எனக்குத் தெரிந்த வழியில்தான் பதில் சொல்ல முடியும்.

நம் மலையிலிருந்தே தொடங்குகிறேன். விலங்குகளுக்குத் தானம் செய்தவர் என்று தமிழில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர் பேகன். வையாவிக் கோப்பெரும் பேகன், ஆவியர் குடித் தலைவன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் ஆண்டது வேறெங்கும் இல்லை, இந்தப் பழனி மலையைத்தான். சங்கப் பாட்டில் பொதினி என்று வருவது இந்த ஊர்தான். மழைக்காலத்தில் ஒரு மயிலின் குரலைக் கேட்டு, குளிரில் நடுங்குகிறதோ என்று இரங்கித் தன் போர்வையை எடுத்து அதற்குக் கொடுத்துவிட்டான். ஐந்தாம் வகுப்பிலேயே படம் வரைந்து வண்ணம் தீட்டியிருப்பீர்கள்.

மயிலுக்குக் குளிராது என்று அந்தக் காலத்துப் புலவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். உடுக்காது, போர்த்தாது என்று தெரிந்தும் கொடுத்தானே, அதுதான் இவன் பெருமை என்று பாடினார் பரணர். வறண்ட குளம், விளையும் வயல், ஒன்றுக்கும் உதவாத களர் நிலம் என்று பார்க்காமல் எங்கும் பொழியும் மழையோடு அவனை ஒப்பிட்டார். இதற்கு ஒரு சொல்லும் உண்டு: கொடைமடம். கொடுக்கும் இடத்தில் கணக்குப் பார்க்காத பேதைமை. திட்டுவது போலத் தோன்றும், ஆனால் பாராட்டு.

இதற்கு அடுத்த பாடம் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்காது. இதே பேகன் தன் மனைவியை விட்டுப் பிரிந்து வேறொரு பெண்ணிடம் போய்விட்டான். மனைவியின் பெயர் கண்ணகி. சிலப்பதிகாரத்துக் கண்ணகி அல்ல, இவள் வேறு. அவளுக்காகக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் பேகனிடம் போய் வாதாடினார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகள் இதற்கே. பரணர் அந்த மயிலையே எடுத்து அவன் முன் வைக்கிறார்: மயில் நடுங்கும் என்று போர்வை ஈந்தவனே, நாங்கள் பசித்து வரவில்லை, எங்களுக்கு நீ தரவேண்டிய பரிசு, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரத்தைத் தீர்ப்பதுதான் என்கிறார். அரிசில்கிழாரும் உன் செல்வம் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் அவளுக்காகக் கேட்கிறார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லும்போதெல்லாம் பின்பெஞ்சுப் பையன்கள் சிரிப்பார்கள், பெண் பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள்.

பேகனைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. அரசனிடம் போர்வைக்குப் பஞ்சமில்லை. ஒன்று வீணானால் இன்னொன்று. ஒன்றேகால் லட்சத்தை வைத்துக்கொண்டு சண்டை போடும் நமக்குக் கொடைமடம் கட்டுப்படியாகாது.

பேகனுக்கு நேர் எதிரே நான் வைப்பது பெயரில்லாத ஒரு மனிதரை. முப்பத்திரண்டு அறங்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். காஞ்சி காமாட்சி இருநாழி நெல்லைக் கொண்டு வளர்த்ததாகச் சொல்லப்படும் அறங்கள். பட்டியல் நூலுக்கு நூல் சிறிது மாறும். அதில் அன்னதானம், கண்மருந்து, தண்ணீர்ப்பந்தல் எல்லாம் உண்டு. அவற்றோடு விலங்குகளுக்கென்றே ஐந்து உண்டு: பசுவுக்கு வாயுறை, அதாவது ஒரு வாய்ப் புல், விலங்கிற்கு உணவு, பொலிகாளையை ஊருக்குப் பொதுவாக விடும் ஏறுவிடுத்தல், கொல்லப்படப் போகிற உயிரை விலை கொடுத்து மீட்பது, ஐந்தாவது, ஆவுரிஞ்சி.

ஆவுரிஞ்சி என்பது ஒரு கல். சில இடங்களில் மரத்தூண். மாடு மேயும் இடத்திலோ தண்ணீர் குடிக்கும் குளத்தங்கரையிலோ நட்டுவைப்பார்கள். மாடு வந்து கழுத்தையும் முதுகையும் தேய்த்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். தென் தமிழ்நாட்டுக் குளத்தங்கரைகளில் சுமைதாங்கிக் கல்லுக்குப் பக்கத்தில் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் ஆவுரோஞ்சிக் கல் என்பார்கள்.

இந்தக் கல்லை முதலில் நட்டவரை நினைத்துப் பாருங்கள். அவர் ஒரு மாட்டை நெடுநேரம் நின்று கவனித்திருக்க வேண்டும். வாலும் நாக்கும் கொம்பும் எட்டாத ஓர் இடம் அதன் உடம்பில் இருக்கிறது, அங்கே அரித்தால் அது ஒன்றும் செய்ய முடியாது என்று கண்டிருக்க வேண்டும். தன்னிடம் என்ன இருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை, அதற்கு என்ன இல்லை என்று யோசித்தார். பேகனின் போர்வைக்கும் இந்தக் கல்லுக்கும் உள்ள வித்தியாசம்தான் நான் இந்தப் பதிவில் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் அதை வைத்து அளந்து பார்ப்பதுதான்.

முதலில் கோசாலை. அடைக்கலம் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது, குறிப்பாகச் சமணர்களிடம். நவீன காலத்தில் பெரிய அளவில் அமைந்தது பம்பாய் பாஞ்சராபோல். அது நாயால் வந்த கதை. 1832-ல் பம்பாயில் ஆங்கிலேய அரசு தெருநாய்களைக் கொல்ல உத்தரவிட்டு, நாய்க்கு எட்டணா என்று கூலியும் வைத்தது. காசுக்காக வீட்டு நாய்களையும் அடிக்க ஆரம்பித்தார்கள். பார்சிகள் தெருவில் இறங்கிக் கலவரமே ஆகிவிட்டது. அதன் பிறகு 1834-ல் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் போன்ற பெரும் வணிகர்கள் சேர்ந்து அந்தக் காப்பகத்தை நிறுவினார்கள். சென்னை அயனாவரத்தில் 1906-ல் ஒரு பிஞ்சராபோல் வந்தது. அது இன்றும் இருக்கிறது.

கோசாலை வைப்பவர்களின் பக்தியில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பசுவைத் தானமாகக் கொடுக்கிறவருக்குப் புண்ணியம் அன்றைக்கே கிடைத்துவிடுகிறது, மாட்டுக்கு மறுநாள் காலையிலிருந்து தீவனம் வேண்டும். காளைக்கன்றும் வறட்டு மாடும் பதினைந்து வருடம் உயிரோடு இருக்கும். ஆகவே கோசாலைக்குப் போனால் சிலையையும் கோபுரத்தையும் பார்க்காதீர்கள். போன வருடம் எத்தனை மாடு வந்தது, இப்போது எத்தனை இருக்கிறது, வைக்கோல் போர் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கொடுப்பதாக இருந்தால் வைக்கோலாகக் கொடுங்கள், இன்னொரு மாட்டைக் கொண்டுபோய் விடாதீர்கள்.

அடுத்தது வெளிநாட்டு அமைப்பு, கூடவே ஜல்லிக்கட்டுக் கோபம். இரண்டையும் சேர்த்தே பேசிவிடலாம்.

விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் என்பதே வெள்ளைக்காரன் இறக்குமதி என்று குழுவில் ஒருவன் எழுதியிருந்தான். பாதி உண்மை. 1824-ல் லண்டனில் ஒரு காபிக் கடையில் கூடி முதல் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தக் கடையின் பெயர் 'ஸ்லாட்டர்ஸ்'. கசாப்பு என்று பொருள் வரும் பெயரில் ஜீவகாருண்யம்! அடிமை வியாபாரத்தை எதிர்த்த வில்பர்ஃபோர்ஸும் அதில் ஒருவர். தொடங்கிய இரண்டு வருடத்துக்குள் சங்கம் கடனில் மூழ்கி, செயலாளர் ஆர்தர் புரூம் பாதிரியார் கடன்காரர் சிறைக்கே போனார். நல்ல மனசு இருந்தால் போதும், கணக்குப் புத்தகம் எதற்கு என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இந்தியாவில் முதல் சங்கம் 1861-ல் கல்கத்தாவில் வந்தது. கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்ற ஓவியர் பாரவண்டி மாடுகள் படும் பாட்டைப் பொறுக்க முடியாமல் தொடங்கியது. 1890-ல் சட்டமும் வந்தது.

ஆனால் இன்றைக்கு நம்மிடம் இருக்கும் சட்டம் நம் ஊர்ப் பெண்மணி கொண்டுவந்தது. பரதநாட்டியத்துக்கும் கலாக்ஷேத்ராவுக்கும் பெயர் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே தனிநபர் மசோதாவாக விலங்கு வதைத் தடுப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்குக் கொடுத்ததால் திரும்பப் பெற்றார். அதன் விளைவுதான் 1960-ம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டப்படி 1962-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. 2018-ல் ஹரியானாவுக்கு மாற்றும் வரை வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. 2014 மே 7-ம் தேதி ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதே வாரியம் ஒரு தரப்பாக இருந்த வழக்கில்தான் வந்தது. 2017 தைப் போராட்டத்தில் நீங்கள் பலரும் நின்றீர்கள்; மாநிலம் சட்டத்தைத் திருத்தியது; 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. வழக்கு முடிந்துவிட்டது தம்பி, கோபத்தையும் முடித்துக்கொள்.

முடித்துக்கொள்ள மனம் வரவில்லை என்றால் ஒன்று செய். முப்பத்திரண்டு அறத்தில் ஏறுவிடுத்தல் இருக்கிறதே, அது கோயில்காளை. ஊருக்குப் பொதுவான பொலிகாளை. வாடிவாசலில் நின்று கத்தியவர்களில் எத்தனை ஊர்க்காரர்கள் இன்று தங்கள் கோயில்காளைக்குத் தீவனச் செலவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்? காங்கேயமும் புலிக்குளமும் இருப்பது அந்தக் காளைகளால்தான். ஊர் மாட்டின் மேல் அன்பிருப்பவர்களுக்கு அதுவும் நல்ல இடம்தான்.

இப்போது நாய். சண்டை பெரிதானது இங்கேதான்.

சென்னையில் 1959-ல் கேப்டன் வி. சுந்தரம் என்ற விமானி, மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தியாகராய நகர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் மனைவி உஷாவும் விமானி. விமானம் ஓட்டிய இந்தியப் பெண்களில் முன்னோடி. பிள்ளைகளும் சேர்ந்து வீட்டிலேயே தொடங்கியதுதான் புளூ கிராஸ். அப்போது சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. அது 1860-லிருந்தே நடந்த வேலை. சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா ஒரு எளிய கேள்வி கேட்டார்: நூறு வருடமாகக் கொன்றும் நாய் குறையவில்லை, கொல்லும் எண்ணிக்கைதான் கூடுகிறது, அப்படியானால் முறையே தவறுதானே? கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள் என்று 1964-லிருந்து சொல்லி வந்தார்கள். மாநகராட்சி ஒப்புக்கொண்டது 1996-ல், நம் செட்டுப் பிள்ளைகள் பத்தாவது முடித்த வருடம். 2001-ல் அதுவே நாடு முழுவதற்கும் விதியானது. 2023-ல் புது விதிகள் வந்திருக்கின்றன.

பையனை நாய் கடித்த அம்மாவுக்கு நான் சொல்வது இதுதான். கண்ணு, உன் கோபம் நியாயம். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால் இந்தப் பணத்தை நாய்க்குக் கொடுக்கிறோம் என்று நினைக்காதே. ஒரு ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அங்கே வெறிநோய் பரவ முடியாமல் நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. அந்த ஊசி நாயின் தொடையில் ஏறினாலும் காப்பாற்றுவது உன் பையனைத்தான்.

இங்கேயும் போர்வை, கல் கணக்கு உண்டு. நாய்க்காப்பகம் என்றால் முந்நூறு நாய்களை அடைத்து வைத்து, பிரியாணி வாங்கிக் கொடுத்து, காணொளி போடும் இடங்கள் இருக்கின்றன. பார்க்க மனம் உருகும், ஆனால் தெருவில் எதுவும் மாறியிருக்காது. அதே பணத்தில் ஒரு சிறு ஊரின் நாய்களை முழுக்க முடிக்கலாம். முழுக்க என்பது முக்கியம். திண்டுக்கல் முழுவதும் ஆங்காங்கே நூறு நாய்க்குச் செய்தால் பலன் இல்லை, விட்டதெல்லாம் குட்டி போட்டு அடுத்த வருடமே கணக்கைச் சமன் செய்துவிடும். ஒரு வார்டை எடுத்து இரண்டு மாதத்தில் முடித்தால் பலன் தெரியும். மலை ஊர் இதற்கு வசதி. சுற்றிலும் பள்ளத்தாக்கும் காடும், ஏறி வரும் சாலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொன்றும் கேளுங்கள். கூண்டு கழுவுகிறவருக்கும் நாய் பிடிக்கிறவருக்கும் மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா, அவர்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா? மயிலுக்குப் போர்வை கொடுத்துவிட்டு வீட்டில் ஒரு கண்ணகியை அழவைக்கும் அமைப்பு நமக்கு வேண்டாம்.

கொடைக்கானலில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்பது காட்டுமாட்டைப் பற்றி. பத்திரிகைகள் காட்டெருமை என்று எழுதும்போதெல்லாம் எனக்குச் சிவப்பு மையெடுத்துத் திருத்தத் தோன்றும். அது எருமை இனமே இல்லை, மாட்டு இனம். சங்கப் புலவர்கள் ஆமா என்று சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். டன் கணக்கில் எடையுள்ள விலங்கு ஏரிச்சாலையில் நிற்கிறது, சுற்றுலா வந்தவர் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார், குப்பைத் தொட்டியில் அது பிளாஸ்டிக் பையோடு பழத்தோலைத் தின்கிறது. அவற்றுக்குத் தீவனம் வாங்கிப் போட ஒரு அமைப்பு இருக்கிறதா என்று மாணவி ஒருத்தி கேட்டாள். வேண்டவே வேண்டாம் அம்மா. அதுதான் அசல் மயில் போர்வை.

ஆமாவுக்கு இல்லாதது புல். இந்த மலையின் மேல்மட்டம் முழுவதும் ஒரு காலத்தில் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் சோலை. தோல் பதனிடும் பட்டைக்கும் விறகுக்கும் காகிதக் கூழுக்கும் என்று சீகை, தைலமரம், பைன் எல்லாம் கொண்டுவந்து அந்தப் புல்லின் மேல் நட்டார்கள். சீகை என்று நாம் சொல்லும் வாட்டில் நட்டதோடு நிற்காமல் தானாகவும் பரவியது. 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்தவர்கள் 2018-ல் எழுதினார்கள். நீங்கள் பிக்னிக் போய்ப் படம் எடுக்கும் பைன் காடு ஒரு மேய்ச்சல் நிலத்தின் சமாதி. அது வாயுறையைப் பறித்த கதை.

அதைத் திருப்பிக் கொடுக்கப் பாடுபடுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். பழனி மலைப் பாதுகாப்புக் குழு 1985-லிருந்து இயங்குகிறது. 2001-ல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவைப் பற்றி உலகம் அறியச் செய்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு. 1980-களில் இங்கிலாந்திலிருந்து வந்து வட்டக்கானலில் தங்கிய பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் தம்பதி, சோலை மரங்களையும் புல்லையும் நாற்றங்காலில் வளர்க்கத் தொடங்கி வட்டக்கானல் கன்சர்வேஷன் டிரஸ்ட் என்ற அமைப்பை விட்டுச் சென்றிருக்கிறார்கள். இவர்கள் யாரும் நாயையோ மாட்டையோ தொட்டிருக்க மாட்டார்கள், துண்டறிக்கையில் விலங்குப் படம்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் இந்த மலையின் விலங்குகளுக்கு இவர்கள் செய்வது போல வேறு யாரும் செய்யவில்லை என்பது என் கருத்து.

பிறகு ஏன் மொத்தப் பணத்தையும் அங்கே கொடுக்கச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கொடைக்கானல் காடு 2013-ல் வனவிலங்கு சரணாலயம் ஆகிவிட்டது, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதற்குள் ஒரு சீகை மரத்தை வெட்டவும் வனத்துறை அனுமதி வேண்டும். வரையாட்டுக்கு மட்டும் மாநில அரசு 2022-ல் 25 கோடியே 14 லட்சம் ஒதுக்கித் திட்டம் போட்டிருக்கிறது. 2024-ல் 1,031 என்று எண்ணியவை 2025-ல் 1,303. மகிழ்ச்சி. அந்த அளவு வேலையில் நம் ஒன்றேகால் லட்சம் கரைந்துபோகும். நாற்றங்காலுக்கு ஒரு பங்கு, ஆண்டுதோறும், அது போதும். ஒரே தடவையாகக் கொடுத்துவிட்டு மறப்பதற்குப் புல் தோதான இடம் இல்லை.

நீங்கள் யாருமே பேர் சொல்லாத விலங்கு ஒன்று இருக்கிறது. குழுவில் முந்நூறு செய்திக்கு மேல் படித்தேன், குதிரை என்ற சொல்லே வரவில்லை.

கொடைக்கானலுக்கு 1914-ல் மோட்டார் சாலை வருவதற்கு முன், ஆட்கள் அம்மையநாயக்கனூர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் அடிவாரம் சேர்ந்து, பெரியகுளம் பக்கமிருந்து வெள்ளகவி வழியாக ஏறினார்கள். துரைமார்களை மனிதர்கள் டோலியில் சுமந்தார்கள், சாமானை மட்டக்குதிரை சுமந்தது. சாலை வந்ததும் வெள்ளகவியைச் சாலை சுற்றிக்கொண்டு போய்விட்டது. ஊர் அப்படியே நின்றுவிட்டது. அந்த ஊருக்கு அரிசியும் உப்பும் மேலே போனதும், காப்பியும் எலுமிச்சையும் கீழே வந்ததும் குதிரை முதுகில்தான். பக்கத்துச் சிறுமலையிலும் அப்படித்தான். அங்கே தை மாதத்தில் குதிரைகளைக் குளிப்பாட்டி, அலங்கரித்து, அந்தோணியார் கோயிலில் மந்திரித்துக் குதிரைப் பொங்கலே வைக்கிறார்கள். சுமக்கிறவன் யார் என்று அந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை.

1965-ம் ஆண்டு பாரம் இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான விதி ஒன்று இருக்கிறது. மட்டக்குதிரைக்குப் பொதி 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200, கழுதைக்கு 50. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஏரியைச் சுற்றிக் குதிரைச் சவாரி போகும் சொந்தக்காரர்கள் ஏறுவதற்கு முன் தங்கள் எடையை நினைத்துப் பார்த்துக்கொள்ளவும். யாரையும் குறிப்பாகச் சொல்லவில்லை, மாப்பிள்ளை.

குதிரைக்காரர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அவர்கள் பிழைப்பு அது. டாரதி புரூக் என்ற ஆங்கிலப் பெண் 1930-களில் எகிப்தில் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார். முதல் உலகப் போரில் உழைத்த ராணுவக் குதிரைகள் கெய்ரோவில் பாரவண்டிக்கு விற்கப்பட்டு, கிழடு தட்டி, புண்ணோடு நிற்பதைக் கண்டார். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டி ஐயாயிரம் குதிரைகளை விலைக்கு வாங்கினார். நம் நான்காவது அறம், விலை கொடுத்து உயிர்காத்தல், நினைவிருக்கிறதா? ஆனால் பெரும்பாலானவற்றை வலி தெரியாமல் கண்மூட வைக்கத்தான் வாங்கினார். அவற்றுக்கு அதுதான் தேவைப்பட்டது. 1934-ல் இலவச மருத்துவமனை தொடங்கினார். இன்றைக்கு அந்த அமைப்பு குதிரையைப் பறிப்பதில்லை. லாடம் அடிப்பவருக்குப் பயிற்சி, சேணத்துக்கு அடியில் நல்ல மெத்தை, குதிரைக்காரருக்குக் குளம்பு பார்க்கச் சொல்லிக்கொடுப்பது, இவைதான் வேலை. வட இந்தியச் செங்கல் சூளைகளில் இதைச் செய்கிறார்கள். சேணத்துக்கு அடியில் வைக்கும் மெத்தையைப் பார்த்தால் எனக்கு ஆவுரிஞ்சிதான் ஞாபகம் வருகிறது. எட்டாத இடத்தில் வரும் புண்ணை யாரோ நின்று கவனித்திருக்கிறார்கள்.

ஆகவே என் முடிவு. எழுபதாயிரம், ஒரே ஊரின் நாய்களுக்குக் கருத்தடையும் ஊசியும். அமைப்பின் பெயரைப் பொதுவில் போடவில்லை, குழுவில் அனுப்புகிறேன். நேரில் போய் ஆறு பேராவது பார்த்துவிட்டு, வேண்டாம் என்றால் மாற்றிக்கொள்ளலாம். நாற்பதாயிரம், சாலை இல்லாத ஊர்களின் பொதிக்குதிரைகளுக்கு. அரசு கால்நடை மருத்துவரிடம் பேசி, வருடத்துக்கு இரண்டு முகாமும், சேண மெத்தையும், லாடம் அடிப்பவருக்குக் கூலியும். மிச்சம் பதினைந்தாயிரம் நாற்றங்காலுக்கு. குழுவை விட்டுப் போன இரண்டு பேரும் குதிரை முகாமுக்கு நடந்தே ஏறி வரட்டும். முழங்கால் வலித்தால் கோபம் தானாக இறங்கும்.

பண விஷயத்தில் சில நடைமுறைகள். ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்தால் 80ஜி வரிவிலக்குக் கிடைக்காது, வங்கி வழியாகவே அனுப்புங்கள். புது வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு எப்படியும் கிடையாது, ஆகவே அதை எதிர்பார்த்துக் கொடுக்க வேண்டாம். பழைய திட்டத்தில் இருப்பவர்கள் வெறும் ரசீதோடு விட்டுவிடாமல் 10பிஇ சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். தணிக்கை செய்த வரவுசெலவைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவர்களிடம் ஆர்தர் புரூம் கதையைச் சொல்லுங்கள்.

லண்டன் தம்பிக்குத் தனியாக: நீ இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் உன் சம்பளச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டாய் என்றால் உன் பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வரும். பதிவு பெற்ற அமைப்புகள் மட்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் உள்ள கணக்கில்தான் வாங்க முடியும். சின்ன அமைப்புகளிடம் அந்தப் பதிவு இருக்காது, அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடாதே. எந்தப் பாஸ்போர்ட் என்று எனக்குத் தனியாகச் சொல்லு, குழுவில் வேண்டாம். உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன்.